எழுபத்தைந்து கிரெயின்

ஜூன் 8, ஞாயிறு

புது நோட்டு. கல்லூரி ஆய்வகத்தில் மிஞ்சியது. இதில் அம்பு விவரம் மட்டும் எழுதுவதென்று முடிவு. வீட்டுக் கதை, சொந்தக் கதை எதுவும் கூடாது. எனக்கு அதில் சாமர்த்தியமும் கிடையாது.

எய்பவர்கள் இருவர். நான், நயினார், வேதியியல் ஆய்வக உதவியாளர். அக்காவின் கணவர் கொம்பையா அத்தான், தென்காசியிலிருந்து மலையடிவார ஊர்களுக்கு மினி பஸ் ஓட்டுகிறவர். இடம், மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் களம். வைக்கோல் கட்டுகளில் குறித்தாள் ஒட்டி, இருபது மீட்டர் தள்ளி நிற்கிறோம். மர வில். குறி பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. மரத் தண்டு அம்பு, எஃகு முனை. முனையின் எடை நூறு கிரெயின், அதாவது கிட்டத்தட்ட ஆறரை கிராம்.

செப்டம்பர் 21 மதுரையில் பாரம்பரிய வில் போட்டி, இருவர் அணி. மூன்று வருடமாக நாங்கள் இரண்டாவது. அத்தானுக்கு அது தீராத எரிச்சல்.

"இந்த வருசமும் ரெண்டாவதா வந்தோம்னா, கோப்பைய வர்ற வழியிலயே ஆத்துல போட்டுட்டு வந்துருவேன் மாப்ள."

"போடுங்க அத்தான். ரெண்டாவது பரிசு பிளாஸ்டிக்தான், மிதக்கும்."

இன்று அத்தானின் பன்னிரண்டு அம்புகளும் நடு மஞ்சளுக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் போய்க் குவிந்தன. தெற்கு பார்த்து எய்கிறோம். சாரல் காற்று மேற்கிலிருந்து வருகிறது, இடப்பக்கம்தான் தள்ளும். என் அம்புகள் அவ்வளவு விலகவில்லை. நான் அவருக்குப் பிறகு எய்தேன். அதற்குள் காற்று ஓய்ந்திருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

காற்று இல்லை. இலை அசையவில்லை. அத்தானின் அம்புகள் அதே ஒரு சாண் இடப்பக்கம்.

பிற்காலத்தில் நானே மறந்துவிடக்கூடும் என்பதால் காரணத்தை எழுதிவைக்கிறேன். நாணை விட்ட நொடியில் அம்பு வளைகிறது. நாண் பின்னாலிருந்து தள்ளும், முனையின் கனம் முன்னால் தடுக்கும், நடுவில் தண்டு வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும். சரியாக வளைந்தால் நேராகப் போகும். வலக்கைக்காரர்களுக்கு, போதுமான அளவு வளையாத அம்பு இடப்பக்கம் போகும், அதிகம் வளைந்தது வலப்பக்கம் போகும். முனையில் எடையைக் கூட்டினால் அம்பு இன்னும் வளையும்.

ஆக, அத்தானின் அம்பு வளைவது போதவில்லை. தண்டு காய்ந்து இறுகியிருக்கலாம். நாணை இழுக்கும் அளவு குறைந்தாலும் இப்படி ஆகும். கேட்டேன்.

"அதே இழுப்புதான் மாப்ள. பதினஞ்சு வருசமா அதே இழுப்புதான்."

சரி, முனையை மாற்ற வேண்டும். நூற்றிருபத்தைந்து.

ஜூன் 17, செவ்வாய்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு பியூரெட் கண்ணாடிக் குழாயை உடைத்தார்கள். ஒரே பெஞ்சு, ஒரே நாள், இருவருக்கும் ஒரே காரணம்: "தானா உடைஞ்சிருச்சு சார்."

மதிய இடைவேளையில் அத்தானின் அம்புகளிலிருந்து பழைய முனைகளைக் கழற்றினேன். ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் உள்ளே இருக்கும் பசை இளகும், குறட்டால் திருகி இழுத்தால் வந்துவிடும். புது முனைகளை ஆய்வகத் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். பன்னிரண்டில் இரண்டு, சொன்ன எடைக்கு ஒரு கிரெயின் கூடுதல். அரத்தால் ராவிச் சரிசெய்தேன். தராசு பொய் சொல்லாது. எனக்கு இந்த உலகத்தில் முழு நம்பிக்கை இருக்கும் பொருள்களில் அது ஒன்று.

பழைய முனைகளை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

125. முதல் அம்பே மஞ்சளில். பன்னிரண்டில் ஒன்பது.

"கை ராசி மாப்ள ஒனக்கு," என்றார் அத்தான்.

"கணக்கு அத்தான். ராசி இல்ல."

டீக்கடையில் கிளாஸை இடக்கையால் வாங்கிக்கொண்டார். வலக்கையில் விரலுறை மாட்டியிருந்தார், கழற்றச் சோம்பல்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி இடப்பக்கம். நாலு விரல் அளவு. கொஞ்சம் தாழ்வாகவும் விழுகிறது.

சாரல் ஈரத்தில் மரத்தண்டு எப்படி மாறும் என்று யார் கண்டார்கள். ஈரம் பட்டால் தண்டு இளகத்தான் வேண்டும், இறுகக் கூடாது. அதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை 145.

ஜூலை 13, ஞாயிறு

145. பன்னிரண்டில் பத்து. தாழ்வு போக, ஒரு சாண் மேலே பார்த்து எய்யச் சொன்னேன், செய்தார்.

ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு எப்போதும் அக்கா வீட்டில்தான். அத்தான் கை கழுவப் போன நேரம் அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏல நயினாரு, அத்தானுக்குக் கை எப்படி இருக்கு?"

"ஏன், என்ன?"

"மரமரன்னு வருதுன்னு ஒரு நா சொன்னாக. சட்டை பட்டன் போட அரை மணி நேரம் ஆவுது. ஆசுபத்திரிக்குப் போவோம்னா, எனக்கு என்ன, நயினார்ட்ட கேளு, வாராவாரம் அவந்தான் பாக்கான்னுட்டாக. நீ சொல்லு. நல்லாருக்கா இல்லையா?"

"இன்னிக்கு பன்னெண்டுல பத்து மஞ்சள்ல அக்கா."

"அப்படின்னா?"

"நல்ல எண்ணிக்கை."

அவள் முகம் தெளிந்தது. எனக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாள்.

நான் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கையைத்தான் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

வழக்கமாக அத்தானுக்குப் பின்னால் நிற்பேன். இன்று செருப்பு வார் அறுந்ததால் பக்கவாட்டில் கிடந்த கல்லில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டே பார்த்தேன்.

முழுதாக இழுத்து நிறுத்தும்போது வில்லுக்கு வெளியே முனை ஒரு விரல் அளவுதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். போன வருடம் அப்படித்தான் இருந்தது, அவருடைய தண்டுகளை வெட்டியவன் நான்தான். இன்று நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், முழுசா இழுக்கீங்களா?"

"கன்னத்துல விரல் படுதுல்லா? அதான அளவு."

விரல் கன்னத்தில் பட்டது உண்மை. கன்னம் விரலைத் தேடி முன்னால் வந்திருந்தது.

செருப்பு வார் ஊக்கு போட்டுத் தாங்குகிறது.

ஜூலை 22, செவ்வாய்

அத்தானின் வில்லை வாங்கிவந்து சுருள்தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு அங்குலத்தில் முப்பத்தொன்பது பவுண்டு. வாங்கும்போது நாற்பது. மர வில்லுக்கு அது சகஜம்.

வில் நாண் ஏற்றியபடியே வந்தது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வைக்காவிட்டால் மரம் தளர்ந்துவிடும் என்பது எனக்கே அவர் சொல்லிக்கொடுத்தது. ஞாபகப்படுத்த வேண்டும்.

வில்லில் கோளாறு இல்லை.

ஜூலை 23, புதன்

அம்பிலும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

மழை. களத்தில் தண்ணீர். எய்யவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஒரு சாண் இடப்பக்கம். ஆறு அம்பு எய்ததும் அத்தான் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வியர்வை. ஆகஸ்டில் தென்காசியில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் முனையப் பாரேன்."

"பாக்கேன் அத்தான்."

"நீ பாத்தேன்னா சரியாயிரும்."

ஆகஸ்டு 5, செவ்வாய்

175 கிரெயின் முனை கடையில் கிடைக்கவில்லை. 145 முனையின் உள்குழியில் ஈயக்கம்பித் துண்டு வைத்து எடையை ஏற்றினேன். ஒவ்வொரு துண்டும் முப்பது கிரெயின். பன்னிரண்டையும் நிறுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தராசின் முள் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் வந்து நின்றது. இதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

ஆகஸ்டு 10, ஞாயிறு

175. பன்னிரண்டில் பதினொன்று!

அத்தான் இதுவரை எடுத்ததிலேயே இதுதான் அதிகம். களத்தில் ஒரு சுற்று நடந்து வந்து என் முதுகில் தட்டினார். இடக்கையால்.

"மதுரைக்காரன் இந்த வருசம் அழுதுட்டுப் போவான் மாப்ள."

அக்காவிடம் நானே வலியப் போய்ச் சொன்னேன், பதினொன்று என்று. "பாத்தியா, நான் வேற வீணா பயந்தேன்," என்றாள்.

ஆகஸ்டு 13, புதன்

மலைப்பாதையில் மேக்கரை வளைவில் மினி பஸ்ஸின் இடப்பக்கம் பாலச் சுவரில் உரசிவிட்டதாம். தகரம் இரண்டு முழம் கிழிந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆடு குறுக்கே வந்தது என்று முதலாளியிடம் அத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆடு வந்தால் ஓட்டுநர் பிரேக்கைத்தான் மிதிப்பார். இது என் வேலை இல்லை. இது அம்பு நோட்டு.

இடப்பக்கம் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்டு 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு மினி பஸ் ஏறினேன். மேக்கரையில் வேலை ஒன்றும் இல்லை. அத்தானுக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை.

உட்கார இடமில்லாமல் நிற்கிற கூட்டம். வாழைத்தார்க்காரர்கள், கூடையோடு நாலைந்து பெண்கள், அருவிக்குப் போகும் ஒரு குடும்பம். கைக்குழந்தை ஒன்று என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

கியர் இடக்கைப் பக்கம். கியர் மாற்றுகிற நேரம் ஸ்டியரிங் வலக்கையில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பழைய வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப ஆள் பலம் வேண்டும். அத்தான் கியர் மாற்றும்போதெல்லாம் வலது முழங்காலைத் தூக்கி ஸ்டியரிங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். நேர்ச்சாலையில் அது போதும். வளைவில் முழங்காலை எடுத்துவிட்டு, இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு, உடம்பை முழுசாகச் சாய்த்துத் திருப்பினார். ஏறும்போது பதினாலு வளைவு. எண்ணினேன். எனக்கு எண்ணத்தான் தெரியும்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

இறங்கும்போது, "என்ன மாப்ள, திடீர்னு மேக்கரைக்கு?" என்றார்.

"சும்மா, காத்து வாங்க."

திரும்பி வேறு பஸ்ஸில் வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் வேறு பஸ்ஸில் வந்தேன். மற்றவர்கள் அவர் பஸ்ஸில்தான் வந்திருப்பார்கள்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

ஆகஸ்டு 24, ஞாயிறு

பன்னிரண்டில் பதினொன்று. எனக்கு எட்டு.

நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். 100, 125, 145, 175. அம்பைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்து எழுதியது. அத்தானின் கையில் வாராவாரம் எவ்வளவு குறைந்தது என்பதை கிரெயின் கணக்கில் நானே எழுதி வைத்திருக்கிறேன். எழுபத்தைந்து கிரெயின். குறைந்ததையெல்லாம் முனையில் வைத்து மறைத்திருக்கிறேன். இடப்பக்கம் போன அம்பு ஒன்றுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதையும் நேராக்கிவிட்டேன்.

பதினொன்று விழுந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அத்தானைப் பற்றியது இல்லை, நான் முனையில் ஏற்றிய எடையைப் பற்றியது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் "அதே இழுப்புதான் மாப்ள" என்பார். நான் தலையாட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகஸ்டு 28, வியாழன்

அத்தானின் அம்புகளைச் "சரிபார்க்க" வாங்கிவந்தேன். ஸ்பிரிட் விளக்கு. குறடு. பன்னிரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, துணிப்பையிலிருந்த பழைய நூறு கிரெயின் முனைகளை மாட்டினேன். இந்த முறை எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்டு 31, ஞாயிறு

அக்காவைக் களத்துக்கு வரச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவள் வந்ததே இல்லை. வயர் கூடையில் தண்ணீரும் சீடையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன, நடுவரக் கூட்டிட்டு வந்துருக்க?" என்றார் அத்தான்.

முதல் அம்பு, ஒரு முழம் இடப்பக்கம். வைக்கோலின் ஓரத்தில் குத்தியது. இரண்டாவது அதற்கும் வெளியே. மூன்றாவது வைக்கோலைத் தாண்டி மில்லின் தகரக் கதவில் மோதி, களம் முழுக்கச் சத்தம் கேட்டது.

"என்ன இது, தகரத்துல போய் அடிக்கீக?" என்றாள் அக்கா.

அத்தான் நடந்து போய் அம்பை எடுத்தார். முனையைக் கட்டைவிரலால் தடவினார். உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். இடக்கையில்.

"பழைய முனையா மாப்ள?"

"ஆமா அத்தான்."

"போட்டிக்கு மூணு வாரந்தான் இருக்கு."

"தெரியும் அத்தான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சரி பண்ணிட்டே வந்தியா," என்றார், "அம்பும் நேராப் போச்சா, அப்போ கை நல்லாத்தான் இருக்குன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அக்கா, நான் சொன்ன பத்து, பதினொண்ணு எல்லாம் முனை எடுத்தது. கை எடுக்கல. கை ஜூன் மாசத்துலயே போயிருச்சு. பஸ்ஸுல முழங்கால வச்சு ஸ்டியரிங்கப் பிடிக்காக. நான் கண்ணால பாத்தேன்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமா சேந்து என்னைய ஏமாத்துனீகளா?"

அவள் சீடைப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அத்தானின் அருகே போய், அவர் சட்டைப் பையில் கைவிட்டு, பஸ் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டி அவர்கள் தெருமுனையில்தான் நிற்கும், சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும்.

"நாளைக்கு வண்டி போவாது."

"மொதலாளிட்ட யாரு சொல்லுவா?" என்றார் அத்தான்.

"நான் சொல்லுதேன்."

அத்தான் வில்லை என்னிடம் நீட்டினார். "நாண நீயே கழட்டிரு மாப்ள. எனக்கு வளைக்க வரல. ரெண்டு மாசமா கழட்டவே இல்ல."

கழற்றினேன். நாண் இல்லாமலேயே வில் கொஞ்சம் வளைந்திருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

திருநெல்வேலி. ஸ்கேன். கழுத்தெலும்பு கையின் நரம்பை அழுத்துகிறது. அறுவை சிகிச்சை வேண்டும்.

மருத்துவர் இளம்பெண். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். அத்தான் "இப்பக் கொஞ்ச நாளாத்தான்" என்றார். நான் நோட்டைத் திறந்து தேதியைச் சொன்னேன். ஜூன் எட்டு.

"அப்பவே வந்திருக்கலாமே," என்றார். கை முன்புபோல ஆகுமா என்று அக்கா கேட்டாள். பாதிக்கு மேல் வரும், முழுதாக வருமா என்பதைச் சொல்ல முடியாது என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதுரைக்குப் போகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா மறுபடி சாப்பிடக் கூப்பிட்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு. மீன் குழம்பு இல்லை, ரசம்தான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மினி பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். அவருக்கு மேக்கரை வளைவில் ஹார்ன் அடிக்கத் தெரியவில்லை என்று அத்தானுக்குக் குறை.

அக்டோபர் 26, ஞாயிறு

கைக்குப் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். மேசை மேல் முழங்கையை ஊன்றி, கையில் சின்ன எடையை வைத்து மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க வேண்டும். நூறு கிராமுக்கும் குறைவாகத் தொடங்கச் சொன்னார்களாம். வீட்டில் அவ்வளவு சின்ன எடைக்கல் இல்லை.

துணிப்பையைக் கொண்டுபோனேன். அம்புகளிலிருந்து மறுபடி கழற்றிய நூறு கிரெயின் முனைகள். பத்து போட்டால் கிட்டத்தட்ட அறுபத்தைந்து கிராம். பையின் வாயைக் கட்டி அத்தானின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுலயும் ஒன் முனையா?" என்றார்.

"ஆமா அத்தான்."

தூக்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் மணிக்கட்டு பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தோளைச் சேர்த்துத் தூக்கி மேலே கொண்டுவந்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏல நயினாரு, கை எப்படி இருக்கு?"

"பத்து முனை தூக்கிட்டாக அக்கா," என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன். "ஆனா கை நடுங்குது. மூணாவது தடவ மணிக்கட்டு தூக்கல, தோள வச்சுத் தூக்குனாக. வலிக்குது, சொல்ல மாட்டேங்காக."

"காட்டிக்குடுக்கான் பாரு," என்றார் அத்தான்.

அக்கா கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள்.

பையைப் பிரித்து ஒரு முனையை வெளியே எடுத்தேன். ஒன்பது.